மறுமூச்சு

தேரிக்குளம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் போனவர்கள் உடம்பை மட்டும் எடுத்துக்கொண்டு, தங்களை அங்கேயே விட்டுவிட்டு வீடு திரும்பத் தொடங்கியது எந்த வருஷம் என்று கேட்டால் எங்கள் ஊரில் ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள். குளம் உடைந்த வருஷம் என்பார்கள் சிலர், அதற்கும் முந்தி என்பார்கள் சிலர், ஆனால் முதலில் அப்படி வந்தவர் தபால்காரர் எபனேசர் என்பதில் மட்டும் யாருக்கும் சண்டை கிடையாது. குடலிறக்கத்துக்கு அறுத்துக்கொண்டு எழுந்த எபனேசரிடம் சிஸ்டர் பாக்கியத்தாய், மயக்கம் தெளிந்த எல்லோரிடமும் கேட்கும் மூன்று கேள்விகளைக் கேட்டார்: பேர் என்ன, இன்றைக்கு என்ன கிழமை, பக்கத்தில் நிற்பது யார். மூன்றுக்கும் சேர்த்து அவர் மெல்லச் சிரித்தார். முப்பது வருஷமாக எந்த வீட்டில் யார் பேருக்கு என்ன கடிதம் வரும் என்று மனப்பாடமாக வைத்திருந்த மனிதர் தன் வீட்டு வாசலைத் தாண்டி நடந்துபோனார். பெண்டாட்டி கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனபோது விருந்துக்கு வந்தவர்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

ஐந்தாம் நாள் தையல் பிரிந்து அவரை மறுபடியும் படுக்கவைத்து அதே மயக்க வாயுவைக் கொடுத்தார்கள். கண்ணைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, தன் பையை எவன் எடுத்துக்கொண்டு போனான் என்பதுதான். அப்போதுதான் எங்களுக்கு விஷயம் பிடிபட்டது. மயக்கத்தில் விடும் மூச்சோடு ஆளும் வெளியே வந்து, மயக்க இயந்திரத்தின் பக்கத்தில் சொருகியிருக்கும் சுண்ணாம்புக் கற்கள் நிரப்பிய டப்பாவுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார். இன்னொரு முறை மூச்சு இழுத்தால் திரும்பிவிடுகிறார். வெள்ளைக் கற்கள் ஊதாவாக மாறியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். ஏன் இப்படி என்று மயக்க டாக்டர் மெர்லின் மேலிடத்துக்கு நாலு கடிதம் எழுதினார். மூன்று பிரதிகளாக அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. நாங்கள் ஏன் என்று கேட்பதை அதோடு விட்டுவிட்டோம்.

கேட்பதை விட்டபின் பழகுவது சுலபமாக இருந்தது. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் ஆளைத் திரும்பக் கூட்டிப்போய் இரண்டாவது முறை வாயு கொடுப்பதற்கு மறுமூச்சு என்று பெயர் வந்தது. பெயர் வந்ததும் சடங்கு வந்தது. தாய்மாமன் வேட்டி எடுக்க வேண்டும், தட்டில் வாழைப்பழம் வைக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள் என்றே தெரியாமல் எல்லோரும் செய்தார்கள். நடுவில் இருக்கும் இரண்டு நாளும் தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தங்களை அறிமுகம் செய்துகொள்வார்கள். எதிர்வீட்டுச் சொர்ணம் வந்து, நான்தான் சொர்ணம், உங்களுக்கும் எனக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது என்று சொல்லிவிட்டு ஒரு கிண்ணம் பாயசம் வைத்துப் போனாள். குடித்துவிட்டு அடிக்கிற புருஷன் வெறும் ஆளாகத் திரும்பி வந்து சொன்ன இடத்தில் உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்து ஒருத்தி மறுமூச்சே வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டதும், போலீஸ் வந்து அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதும், அவன் திரும்பிய அன்று அவள் அழுத அழுகையும் எங்கள் ஊரில்தான் நடந்தது.

போலீஸ் வந்ததற்குக் காரணம் உண்டு. டப்பாவில் ஒருவருக்குத்தான் இடம். இயந்திரமும் ஒன்றுதான், டப்பாவைக் கழற்றினால் உள்ளே இருப்பவர் காற்றோடு போய்விடுவார். உள்ளே ஒருவர் இருக்கும்போது இன்னொருவர் மூச்சு இழுத்தால் இருப்பவர் அவருக்குள் போய்விடுவார், இழுத்தவர் டப்பாவில் தங்கிவிடுவார். ஆரம்பத்தில் இது தெரியாமல் ஓர் ஆட்டோக்காரர் தலைமையாசிரியை ரோஸலினாகக் கண்விழித்து, வார்டில் இருந்தவர்களை எல்லாம் வரிசையில் நிற்கச் சொன்னார். அதைச் சரிசெய்யப் பட்ட பாட்டில் டாக்டர் மெர்லின் ஒரு சட்டம் போட்டார்: உள்ளே இருப்பவரை வெளியே எடுக்காமல் அடுத்த ஆள் கிடையாது. அதனால் ஆஸ்பத்திரியில் எப்போதும் வரிசை நின்றது. மூன்று நாளுக்கு ஒருவர் என்று நகர்ந்த வரிசை அது. முதுகில் ஊசி போட்டுச் செய்ய முடிந்ததை அப்படிச் செய்தார்கள், முடியாதவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

இப்படி எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்து நாங்கள் நிம்மதியாக இருந்தபோதுதான் தையல்காரர் பொன்பாண்டிக்குப் பித்தப்பையில் கல் வந்தது.

பொன்பாண்டிக்கும் செந்தூர்க்கனிக்கும் ஒரே மகள், சுபிதா. எட்டு வயது. பிறந்ததிலிருந்து காது கேட்காது, பேச்சும் இல்லை. கனி காலை ஏழு மணிக்கு முந்திரிக் கம்பெனி வேனில் ஏறினால் பொழுது சாயும் நேரம்தான் திரும்புவாள். பொன்பாண்டி வீட்டு முன்னறையில் தைப்பவர். ஆகவே பிள்ளை வளர்ந்தது அவர் மிஷின் காலடியில். அங்கே கிடந்து அவள் விரலால் ஏதோ செய்ய, அவர் அதற்கு விரலால் பதில் செய்ய, அப்படியே எட்டு வருஷத்தில் அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரு பாஷை உண்டாகிவிட்டது. கோபம் என்றால் கழுத்துப் பொத்தானைப் போடுவது, வயிறு வலித்தால் இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வெட்டுவது; இவை எங்களுக்கும் தெரியும். மற்றது எதுவும் தெரியாது. இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசுவார்கள், திடீரென்று விழுந்து விழுந்து சிரிப்பார்கள், எதற்கு என்று அவர் சொல்லவும் மாட்டார். மாவட்டத் தலைநகரில் காது கேளாதோர் பள்ளியில் ஒரு பருவம் விட்டுப் பார்த்தார்கள். பிள்ளை இளைத்துத் திரும்பினாள். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பொன்பாண்டி சொல்லிவிட்டார். கனிக்கு அந்தப் பாஷையில் ஏழெட்டு வார்த்தைதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பாள், ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பதிலேயே போய்விடும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வெறும் பொன்பாண்டியை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். ஊரில் யாருக்கு எதை விளக்கிச் சொல்ல முடிந்தாலும் சுபிதாவுக்கு இதைச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவளுக்குச் சொல்லத் தெரிந்தவர் டப்பாவுக்குள் இருந்தார். அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து அவள் விரலை ஆட்டினாள். அவர் அந்த விரல்களை மரியாதையோடு பார்த்தார். மறுபடியும் செய்தாள். அவர் மெல்லச் சிரித்தார். அன்று பூராவும் அவள் தனக்குத் தெரிந்த அத்தனையையும் ஒன்றுவிடாமல் செய்து பார்த்துவிட்டு, சாயங்காலம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். காது கேட்காத பிள்ளை கண்ணையும் மூடிக்கொண்டால் அவளிடம் யாரும் எதுவும் பேச முடியாது என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. சோற்றுக் கையை வாயருகே கொண்டுபோனால் தலையைத் திருப்பிக்கொண்டாள். ரெண்டு நாள்தானே, மறுமூச்சு ஆனதும் சரியாகிவிடும் என்றோம்.

மூன்றாம் நாள் அஷ்டமி. மறுநாள் நவமி.

பொன்பாண்டியின் அக்கா சந்தனமாரி காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அஷ்டமியில் போன ஆள் திரும்பினதாக எங்கேயாவது உண்டா, ரெண்டு நாள் பொறுத்துத் தசமியில் கூட்டிப்போவோம் என்றாள். பிள்ளை சாப்பிடவில்லையே என்று கனி இழுத்தாள். ஆனால் அவளும் அந்தக் காலண்டரைப் பார்த்தாள், நாங்களும் பார்த்தோம், தசமிதான் சரி என்று தெருவே சொன்னது. ஊரில் ஒருத்தர்கூட அஷ்டமியில் மறுமூச்சு எடுத்ததில்லை, டாக்டர் மெர்லினே அந்த இரண்டு நாளும் இயந்திரத்தைத் துணி போட்டு மூடி வைக்கப் பழகியிருந்தார். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், கனி மட்டும் எடுத்த முடிவில்லை அது.

நவமியன்று மத்தியானம் பொன்பாண்டிக்கு நெஞ்சு வலித்தது. வலித்திருக்க வேண்டும். வெறும் ஆளுக்கு வலி வந்தால் அதற்கு வலி என்று பெயர் என்பது தெரியாது, நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதும் தெரியாது. சட்டை முழுக்க வேர்வையில் நனைந்தபடி அவர் சுவரைப் பார்த்து மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எதிரே சுபிதா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேனிலிருந்து இறங்கி வந்த கனி அவர் உதடு கறுத்திருந்ததைப் பார்த்துக் கத்தினாள்.

உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். ஆனால் இதயத்தில் பாதி செத்துவிட்டது, இன்னொரு மயக்கத்தை இந்த நெஞ்சு தாங்காது, வாயு கொடுத்தால் மேஜையிலேயே போய்விடுவார் என்று டாக்டர் மெர்லின் சொன்னார். அப்போ அவர் டப்பாவிலேயே இருக்கட்டும், தேறின பிறகு எடுத்துக்கொள்வோம் என்றார்கள் சொந்தக்காரர்கள். தேறாது என்றார் டாக்டர்.

பத்து நாள் ஓடியது. வெறும் பொன்பாண்டி ஆண்கள் வார்டில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வரிசை ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி வேப்பமரம் வரை வந்தது. வரிசையில் நின்றவர்கள் கெட்டவர்கள் இல்லை. கனி அந்தப் பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அவ்வளவுதான். சுபிதாவைக் குழந்தைகள் வார்டில் சேர்த்துக் கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூக்கில் குழாய் விட்டுக் கஞ்சி ஊற்றினால் அப்படியே வாந்தி எடுத்தாள். கண்ணை மட்டும் திறக்கவில்லை. கனி வேலைக்குப் போகாமல் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த ஏழெட்டு வார்த்தையையும் அவள் உள்ளங்கையில் மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருந்தாள். பிள்ளை கையை இழுத்துக்கொள்ளும். எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனால் தன் கையில் இல்லை என்று குழந்தைகள் டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

பதினொன்றாம் நாள் காலை பனைவிளையிலிருந்து குடல் முறுக்கிக்கொண்ட ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். இருபது வயது. இரண்டு மணி நேரத்துக்குள் திறக்க வேண்டும், பெரிய ஆஸ்பத்திரி மூன்று மணி நேரத் தூரம். டாக்டர் மெர்லின் கனியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஊதாக் கற்களைக் கொட்டி, ஆக்சிஜனை முழுசாகத் திறந்துவிட்டு இயந்திரத்தைச் சுத்தம் செய்யப் போவதாகச் சொன்னார். உள்ளே இருப்பவர் காற்றோடு போய்விடுவார் என்பதையும் மறைக்கவில்லை. சொல்லும்போது டாக்டர் மேஜைமேல் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யாராவது அவரை வாங்கிக்கொண்டால் என்று கனி கேட்டாள்.

வராந்தாவில் சொந்தபந்தம் அத்தனையும் நின்றது. யாராவது ஒருவர் ஐந்து நிமிஷம் மூச்சு இழுத்தால் போதும், பொன்பாண்டி அந்த உடம்பில் எழுந்துவிடுவார்; ஆனால் இழுத்தவர் டப்பாவில் தங்குவார், டப்பாவைக் கழுவித்தான் ஆக வேண்டும். இதைக் கேட்டதும் தம்பி செருப்பைப் பார்த்தார். சித்தப்பா மகன் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். சந்தனமாரி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், நான்தான் பாவி என்றாள், ஆனால் எனக்குச் சர்க்கரை இருக்கே என்றும் சொன்னாள். நாங்களும் அங்கேதான் நின்றோம்.

கனி யாரையும் கேட்கவில்லை. திரும்ப உள்ளே போய், "நான் படுக்கேன் டாக்டரம்மா" என்றாள்.

டாக்டர் முடியாது என்றார். சட்டம் சொன்னார், தன் படிப்பைச் சொன்னார், தனக்கும் ஒரு மகள் இருப்பதைச் சொன்னார். கனி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"டாக்டரம்மா, நான் இல்லேன்னா சோறு பொங்க ஆள் வந்துரும். துணி தொவைக்க ஆள் வந்துரும். முந்திரி ஒடைக்க ஆயிரம் பேரு இருக்காவ. எம்பிள்ள என்ன சொல்லுதுன்னு தெரிஞ்ச ஆளு ஒலகத்துலயே ஒருத்தருதான். அவரைப் போயி சன்னல் வழியா விட்டுட்டு என்னைய வச்சுக்கிட்டு என்ன செய்யப்போறீய?"

காலையிலிருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா என்று டாக்டர் மெர்லின் கேட்டார். மயக்கம் கொடுக்கும் முன் கேட்கிற கேள்வி அது. கனி நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றாள்.

ஆஸ்பத்திரி எழுத்தர் ஒரு படிவம் கொண்டுவந்தார். நோயாளியின் பெயர் என்ற இடத்தில் யாரை எழுதுவது என்று குழம்பி, இரண்டு பெயரையும் எழுதினார். கனி கையெழுத்துப் போட்டாள், தாலியையும் கம்மலையும் கழற்றிச் சந்தனமாரி கையில் கொடுத்தாள், உப்புப்புளி இருக்கிற இடம், ரேஷன் கார்டு இருக்கிற இடம், தண்ணீர் வருகிற நேரம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். இதெல்லாம் அவுகளுக்குத் தெரியாது, சொல்லிருங்க மயினி என்றாள். பிறகு குழந்தைகள் வார்டுக்குப் போனாள். சுபிதா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவள் கையை எடுத்துத் தன் முகம் முழுக்கத் தடவவிட்டாள் கனி, நெற்றி, மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாக. பிள்ளை கையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் புரண்டுவிட்டாள். அந்தத் திரும்பிய முதுகைப் பார்த்துக்கொண்டு கனி எவ்வளவு நேரம் நின்றாள் என்று எனக்குத் தெரியாது, என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மாஸ்க்கை முகத்தில் வைத்ததும் அவள் அவசர அவசரமாக, வேனைப் பிடிக்க ஓடுகிறவள்போல, இழுத்து இழுத்து மூச்சு விட்டாளாம்.

தெளிந்ததும் சிஸ்டர் பாக்கியத்தாய் மூன்று கேள்விகளையும் கேட்டார். பேர் என்ன? பொன்பாண்டி, என்றது கனியின் குரல். என்ன கிழமை? தெரியலையே, நான் படுத்தது திங்கள். பக்கத்தில் நிற்பது யார்? எங்க அக்கா. வராந்தாவில் ஒரு பெருமூச்சு எழுந்தது. யாரோ கையெடுத்துக் கும்பிட்டார்கள். வரிசையில் நின்றவர்கள்கூடக் கண்ணைத் துடைத்தார்கள். பொன்பாண்டி தன் மேல் கிடந்த கைகளைத் தூக்கிப் பார்த்தார். முந்திரித்தோட்டுப் பால் பட்டுத் தோல் உரிந்த விரல்கள். ஏதோ கேட்க வாயெடுத்தார். மொதல்ல பிள்ளையப் பாருங்க அண்ணாச்சி, எல்லாம் அப்புறம் என்று சொல்லி, சக்கர நாற்காலியில் வைத்து அவரைக் குழந்தைகள் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார் சிஸ்டர்.

கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்த எலும்புக்கூட்டைப் பார்த்ததும் அவர் நாற்காலியில் இருந்தபடியே காலை நீட்டி, கட்டிலின் இரும்புக் காலில் தன் குதிகாலால் தட்டினார். மிஷின் ஓடுகிற தாளத்தில் தட்டினார். அந்த அதிர்வு இரும்பில் ஏறிப் பிள்ளையின் முதுகுக்குப் போனது. பதிமூன்று நாளாக மூடியிருந்த கண்கள் திறந்தன.

அவர் விரலை ஆட்டினார். அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், மறுபடியும் முகத்தைப் பார்த்தாள். பிறகு குளுக்கோஸ் ஏறாத கையைத் தூக்கிப் பதில் செய்தாள், முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக, அப்புறம் இரண்டு பேர் கையும் எங்கள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில். ஓரிடத்தில் இரண்டு பேரும் சிரித்தார்கள். இட்லி கொண்டுவரச் சொன்னார் பொன்பாண்டி. ஒன்று தின்றாள், பாதி தின்றாள், போதும் என்றாள். சந்தனமாரி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். குழந்தைகள் டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார். எங்களுக்கெல்லாம் யாரோ டீ வாங்கி வந்தார்கள், நாங்கள் குடித்தோம்.

அப்போது ஆபரேஷன் அறைப் பக்கம் ஆக்சிஜனைத் திறந்துவிட்ட சத்தம் புஸ்ஸென்று கேட்டது. நீளமாகக் கேட்டது. அந்த நேரத்தில் வராந்தாவில் நின்ற எங்கள் அத்தனை பேருக்கும், ஆண் பெண் வித்தியாசமில்லாமல், தூங்குகிற பிள்ளை ஒன்றைச் சுமந்துகொண்டு நடப்பதுபோல இடது தோள் கனத்தது. ஒரு நிமிஷம்தான். பிறகு அந்தக் கனம் போய்விட்டது, பனைவிளைப் பெண்ணை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

வார்டில் சுபிதா வாயைத் துடைத்துக்கொண்டு, எங்களில் யாரும் அதுவரை பார்த்திராத ஒரு சைகை செய்தாள். தலையைச் சாய்த்துத் தன் தோளில் மூக்கை வைத்து முகர்ந்தாள். பொன்பாண்டியின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. அதற்கு என்ன அர்த்தம் என்று சந்தனமாரி கேட்டாள்.

"அம்மான்னு அர்த்தம்க்கா," என்றார் கனியின் குரலில். "வேல முடிஞ்சு வந்து தோள்ல போட்டுத் தூங்கவைப்பால்லா, அதுக்காவ அவளே வச்ச பேரு. கனிக்கே தெரியாது." பிறகு மடியில் கிடந்த விரல்களைப் பார்த்துவிட்டு சிஸ்டரிடம் திரும்பினார். "இது கனி கையால்லா இருக்கு, சிஸ்டர். அப்ப கனி எங்க?"

பாக்கியத்தாய், நன்றாகவே ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸைச் சரிசெய்யப் போனார். நாங்கள் டீ கிளாஸை வைக்க இடம் தேடினோம்.

அதற்குள் சுபிதா கட்டிலில் முட்டிபோட்டு எழுந்து, அந்தத் தோளை எட்டிப் பிடித்து, அதில் மூக்கை வைத்து ஆழமாக முகர்ந்தாள். அதே வாசனைதான் இருந்திருக்கும். கொஞ்ச நேரம் அப்படியே முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். பிறகு விலகி, எதிரே இருந்த முகத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, தலையைச் சாய்த்து மறுபடியும் தன் தோளையே முகர்ந்து காட்டினாள்.